பி.எல்.480: கோதுமையைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்கா நடத்திய பனிப்போர்

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா அவசர அவசரமாகக் கட்டிய சரக்குக் கப்பல்களில் நூற்றுக்கணக்கானவை, போர் முடிந்ததும் வேலையின்றி நின்றன. நியூயார்க் நகருக்கு வடக்கே ஹட்சன் ஆற்றில் அவற்றை வரிசையாக நங்கூரமிட்டு நிறுத்தியிருந்தார்கள். 1953 தொடங்கிப் பத்தாண்டுக் காலம் அந்தக் கப்பல்களின் வயிற்றில் கிடந்தது கோதுமை. கரையில் இருந்த கிடங்குகளில் இடம் போதவில்லை.

இவ்வளவு கோதுமை ஏன் சேர்ந்தது? அமெரிக்க விவசாயிக்கு அரசு ஆதரவு விலை கொடுத்துவந்தது. சந்தை விலை அதற்குக் கீழே இறங்கினால் அரசே வாங்கிக்கொள்ளும். போர்க்காலத்தில் பாதி உலகத்துக்குச் சோறு போட வேண்டியிருந்ததால் விளைச்சலைப் பெருக்கினார்கள். ஐரோப்பா எழுந்து நின்று தன் வயலில் தானே விதைக்கத் தொடங்கியதும் வாங்க ஆளில்லை. விதைப்பதை நிறுத்து என்று கன்சாஸ் விவசாயியிடம் சொல்ல எந்த செனட்டருக்கும் துணிவில்லை. அவர்களுக்கு ஓட்டு வேண்டும். விளைந்ததை வாங்கிக் குவிப்பதும், குவித்ததைக் காப்பதற்குச் செலவழிப்பதும் ஆண்டுதோறும் நடந்தன.

பனிப்போர்க் கால அமெரிக்க வெளியுறவுக் கொள்கை என்றதும் நம் நினைவுக்கு வருவது கியூபா ஏவுகணை நெருக்கடி, வியட்நாம், சிஐஏ. இந்தக் கோதுமைக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பதில்லை. ஆனால் இந்தியா, எகிப்து, வங்கதேசம் போன்ற நாடுகளில் சாதாரண மக்களின் வயிற்றுக்கு மிக அருகே வந்த அமெரிக்க ஆயுதம் அதுதான். ஏவுகணைகளைப் போல அது எதிரியைக் கருதி உருவாக்கப்பட்டதல்ல. உள்நாட்டு விவசாய அரசியலின் தலைவலியாகப் பிறந்தது. பனிப்போர் அதற்கு ஒரு வேலை கொடுத்தது.

முதல் ஒத்திகை இந்தியாவோடு நடந்தது. 1950 டிசம்பரில், வாஷிங்டனில் இந்தியத் தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் 20 லட்சம் டன் தானியம் கேட்டார். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். சீனாவை ஆக்கிரமிப்பாளர் என்று அறிவிக்கும் ஐ.நா. தீர்மானத்தை 1951 பிப்ரவரியில் இந்தியா எதிர்த்து வாக்களித்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொதித்துப் போனார்கள். நம் பையன்கள் கொரியாவில் சாகிறார்கள், நேரு நமக்கே உபதேசம் செய்கிறார், அவருக்கு ஏன் கோதுமை என்ற பேச்சு எழுந்தது. சிலர் இன்னும் நேரடியாக விலை கேட்டார்கள்: மோனசைட் மணல்.

மோனசைட்டிலிருந்து தோரியம் கிடைக்கும், அணுசக்திக்குப் பயன்படும். அந்த மணல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் கிடந்தது. 1956இல் குமரி மாவட்டத்தோடு சென்னை மாநிலத்துக்கு வந்துசேர்ந்த மணவாளக்குறிச்சியும் அதில் ஒன்று. சாப்பாட்டுக்கு ஈடாக அணுப்பொருளைக் கேட்கிறார்கள் என்று டெல்லி கருதியது. மோனசைட் ஏற்றுமதித் தடையை நேரு தளர்த்தவில்லை. இந்த இழுபறி நடக்கும்போதே சீனாவிடமிருந்தும் சோவியத் ஒன்றியத்திடமிருந்தும் தானியம் வரப்போகும் செய்தி வந்தது. ஜூன் மாதத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் 19 கோடி டாலர் கடனுக்குக் கையெழுத்திட்டார். தானமாகப் பேசத் தொடங்கியது கடனாக முடிந்தது. அரை ஆண்டு தாமதத்தில், கொடுத்ததற்கான நன்றியும் கரைந்துபோனது.

மூன்றாண்டு கழித்து, 1954 ஜூலை 10 அன்று, ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தின் வரிசை எண் 480. அந்த எண்ணே பெயராகி, பி.எல்.480 (பப்ளிக் லா 480) என்று இந்தியச் செய்தித்தாள்களில் இருபதாண்டு புழங்கியது. சட்டத்தின் முகப்பில் எழுதியிருந்த நோக்கங்களை அப்படியே படித்தால் போதும், ஒளிவுமறைவு இல்லை: உபரியைத் தீர்ப்பது, அமெரிக்க விளைபொருளுக்குப் புதுச் சந்தை பிடிப்பது, அமெரிக்க வெளியுறவுக் கொள்கைக்குத் துணை செய்வது. அதோடு, அரசு உதவியாக அனுப்பும் சரக்கில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் போக வேண்டும் என்று அதே ஆண்டில் இன்னொரு சட்டம் வந்தது. விவசாயிக்கு ஒரு பங்கு, கப்பல் முதலாளிக்கு ஒரு பங்கு. ‘அமைதிக்கான உணவு’ என்ற அழகான பெயரைப் பின்னால் பிரபலப்படுத்தியவர் கென்னடி.

1957இல் ஒரு செனட் விசாரணையில் செனட்டர் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி பேசியது அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். மக்கள் உணவுக்காக நம்மைச் சார்ந்திருப்பார்கள் என்பது தனக்கு நல்ல செய்தியாகவே படுகிறது என்றார். ஒருவர் நம்மீது சாய்ந்து நிற்க வேண்டும், நம்மோடு ஒத்துழைக்க வேண்டும் என்றால் உணவுச் சார்பைவிடச் சிறந்தது எது என்பது அவர் கேள்வி. ஹம்ஃப்ரி தாராளவாதி, பசித்தவர்மீது உண்மையான அக்கறை கொண்டவர் என்று பெயரெடுத்தவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்தே இது வந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அக்கறையும் கணக்கும் அந்தத் திட்டத்தில் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன.

இந்தியாவோடு முதல் ஒப்பந்தம் 1956 ஆகஸ்டில். பெரிய ஒப்பந்தம் 1960 மே மாதத்தில்: உணவு அமைச்சர் எஸ்.கே. பாட்டீல் வாஷிங்டன் போய் ஐசனோவரோடு கையெழுத்திட்டது நான்கு ஆண்டுக்கு 1.6 கோடி டன் கோதுமைக்கும் 10 லட்சம் டன் அரிசிக்கும். இதில் இந்தியாவுக்குப் பிடித்த அம்சம், டாலர் தேவையில்லை என்பது. அந்நியச் செலாவணிக்குத் தவித்துக்கொண்டிருந்த நாடு, கோதுமையை ரூபாய்க்கே வாங்கலாம்.

அந்த ரூபாய் எங்கே போனது என்பது தனிக்கதை. இந்தியா செலுத்திய பணம் இந்தியாவிலேயே அமெரிக்க அரசின் கணக்கில் சேரும். அதில் ஒரு பகுதியைத் தூதரகச் செலவுக்கு எடுத்துக்கொள்வார்கள். ஒரு பகுதியை இங்கே தொழில் நடத்தும் அமெரிக்க நிறுவனங்களுக்குக் கடன் கொடுப்பார்கள். பெரும்பகுதி இந்திய அரசுக்கே கடனாகவோ மானியமாகவோ திரும்பும். செலவழிக்க முடியாமல் மேலும் மேலும் குவிந்தது. இந்தியப் பணத்தில் இவ்வளவு பெரிய பங்கு இன்னொரு நாட்டின் பெயரில் இருப்பதை நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1974 பிப்ரவரியில் தூதர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் அதில் பெரும்பகுதியை இந்தியாவிடம் திருப்பிக் கொடுத்தார். காசோலையில் எழுதியிருந்த தொகை 1,664 கோடி ரூபாய். 200 கோடி டாலருக்கு மேல். உலகின் மிகப் பெரிய காசோலை என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

அந்தக் குவியலிலிருந்து யாரும் எதிர்பாராத ஒரு பயன் தமிழுக்குக் கிடைத்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1962இல் டெல்லியில் அலுவலகம் திறந்து, பி.எல்.480 ரூபாயில் இந்திய மொழி நூல்களையும் இதழ்களையும் வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. தமிழில் வந்த நாவல், கவிதைத் தொகுப்பு, சிற்றிதழ் என்று பாகுபாடில்லாமல் அள்ளிப் போனார்கள். இங்கே கிடைக்காத அறுபதுகளின் வெளியீட்டைத் தேடி சிகாகோ பல்கலைக்கழக நூலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பும் ஆய்வாளர்கள், மறைமுகமாகக் கோதுமைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

கோதுமை வேறு வழியிலும் இங்கே வந்தது. காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு 1961இலிருந்து ‘கேர்’ என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பு அமெரிக்க உபரிப் பொருட்களை வழங்கியது. அந்தக் காலத்தில் பள்ளியில் படித்தவர்களுக்குப் பால் பவுடரும் உப்புமாவும் இன்றும் நாக்கில் இருக்கும். பார்த்தீனியம் களைகூட இந்தக் கோதுமையோடு வந்ததுதான் என்று பலர் சொல்வார்கள். நிரூபணமான விஷயமல்ல, ஆனால் அந்த உதவியைப் பற்றிய மனக்கசப்பு எவ்வளவு ஆழம் என்பதற்கு அந்தப் பேச்சு ஒரு சான்று.

1965இல் கயிறு இறுகியது. அதுவரை அமெரிக்கா பல ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒப்பந்தம் போட்டுவந்தது. அந்த ஆண்டு ஜூனில் பழைய ஒப்பந்தம் முடிந்தபோது லிண்டன் ஜான்சன் புதிதாக நீண்ட ஒப்பந்தம் போட மறுத்தார். மாதத்துக்கு மாதம், சில லட்சம் டன்களாக, அவரே பார்த்து விடுவிப்பார். ஒரு வல்லரசின் குடியரசுத் தலைவர் இந்தியாவின் மழை நிலவரத்தைத் தன் மேசைக்கு வரவழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். செப்டம்பரில் இந்தியா–பாகிஸ்தான் போர். பருவமழை பொய்த்தது. 1964–65இல் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய உற்பத்தி அடுத்த ஆண்டு 7.2 கோடி டன்னாக விழுந்தது. லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடுங்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். 1966இல் இந்தியா இறக்குமதி செய்தது ஒரு கோடி டன்னுக்கும் மேல்; அமெரிக்கக் கோதுமை விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இங்கே வந்தது. கப்பலில் இருந்து இறங்கியது நேராக வாய்க்குப் போனது. ஒரு மாதக் கப்பல் தாமதித்தால் ரேஷன் கடை காலி.

ஜான்சனுக்கு என்ன வேண்டும்? ஒன்று, இந்தியா தன் விவசாயத்தில் முதலீட்டைக் கூட்ட வேண்டும். உரம், புது விதை, உரத் தொழிலில் தனியார் முதலீடு. 1965 நவம்பரில் ரோமில் உணவு, வேளாண் அமைப்பின் மாநாட்டுக்கு வந்த இடத்தில் அமெரிக்க வேளாண் செயலர் ஆர்வில் ஃப்ரீமனும் இந்திய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் சந்தடியின்றி ஒரு உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். அதன் நிபந்தனைகளை சி.எஸ். டெல்லி திரும்பியதும் தன் கொள்கையாகவே நாடாளுமன்றத்தில் வைத்தார். அதில் பொய் அதிகமில்லை. விவசாயிக்கு விலை, உர இறக்குமதி என்று அவர் முன்பே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். செலவு கட்டாது என்று குறுக்கே நின்றவர்களில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள். அமெரிக்க நெருக்குதலை சி.எஸ். அமைச்சரவைச் சண்டைக்குப் பயன்படுத்திக்கொண்டார் என்று சொல்வதுதான் பொருத்தம். நிர்ப்பந்திக்கப்பட்டவர் என்று அவரைச் சித்தரிப்பது அவருடைய சாமர்த்தியத்தைக் குறைத்து மதிப்பிடுவது.

ஜான்சனின் இரண்டாவது எதிர்பார்ப்பு எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாதது: வியட்நாம் பற்றி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். 1966 மார்ச்சில் இந்திரா காந்தி வாஷிங்டன் போய்வந்தார். ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பைக் குறைத்து, ஒரு டாலர் 4.76இலிருந்து 7.50 ரூபாய் ஆனது. உள்நாட்டில் அதற்கு வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. ஜூலையில் மாஸ்கோ போனவர், வியட்நாமில் ஏகாதிபத்திய ஆக்கிரமிப்பு என்ற சொல்லாட்சி இடம்பெற்ற கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். வாஷிங்டனில் எரிமலை வெடித்தது. போப்பும் ஐ.நா. பொதுச்செயலாளர் ஊ தாண்ட்டும் சொல்வதைத்தானே இந்தியாவும் சொல்கிறது என்று அமெரிக்கத் தூதர் செஸ்டர் பவுல்ஸ் வாதாடியபோது, அவர்கள் இருவருக்கும் நம் கோதுமை தேவையில்லையே என்று பதில் வந்ததாக ஒரு கதை உண்டு. 1966இன் பிற்பாதியில் புதிய ஒதுக்கீட்டுக்கு ஒப்புதல் தராமல் ஜான்சன் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். அது பீகாரில் இரண்டாவது ஆண்டாக மழை பொய்த்திருந்த நேரம்.

ஜான்சன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஹட்சன் ஆற்றுக் கப்பல்கள் அதற்குள் காலியாகிவிட்டன, உபரி கரைந்துகொண்டிருந்தது, கனடாவும் ஆஸ்திரேலியாவும் பங்கெடுக்கட்டும் என்று அவர் நினைத்ததில் தவறில்லை. இந்திய விவசாயத்தைக் கண்டுகொள்ளாமல் இருந்தது திட்டக்குழுவின் பிழை என்பதும் உண்மை. மலிவான இறக்குமதிக் கோதுமை அந்த அலட்சியத்துக்குத் தலையணை போட்டது. ஆனால் விவசாயச் சீர்திருத்தம் 1965 நவம்பரிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டு, 1966இல் 18 ஆயிரம் டன் மெக்சிகோ விதைக் கோதுமையும் வந்திறங்கிய பிறகு கயிற்றை இன்னும் இறுக்கியதற்கு விவசாயம் காரணமாக இருக்க முடியாது. அது வியட்நாமுக்காக இழுத்த இழுப்பு.

1967 தேர்தலில் சி.எஸ். தோற்றார். அரிசித் தட்டுப்பாட்டில் வெந்துகொண்டிருந்த தமிழ்நாட்டில், ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற திமுகவின் முழக்கத்துக்கு முன்னால் ரோம் உடன்பாடு எம்மாத்திரம்? இந்தித் திணிப்பு எதிர்ப்பும் சேர்ந்து காங்கிரஸை வாரிக் கொண்டுபோனது. சி.எஸ். இறக்கிய விதை மறு ஆண்டு பஞ்சாபில் விளைந்தது. 1968இல் கோதுமைப் புரட்சிக்கு இந்தியா தபால்தலை வெளியிட்டது.

உணவுக்காக இனி ஒருபோதும் கையேந்தக் கூடாது என்று இந்திரா காந்தி அப்போது முடிவெடுத்ததாக அவரோடு பணியாற்றியவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1970–71இல் உற்பத்தி 10.8 கோடி டன்னைத் தொட்டது. 1971 இறுதியோடு சலுகை இறக்குமதியை இந்தியா நிறுத்திக்கொண்டது. அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள், ஆகஸ்டில் சோவியத் ஒன்றியத்தோடு உடன்படிக்கை, டிசம்பரில் போர். நிக்சன் பொருளாதார உதவியை நிறுத்தினார், விமானந்தாங்கிக் கப்பல் எண்டர்பிரைஸை வங்கக் கடலுக்கு அனுப்பினார். ஐந்தாண்டுக்கு முன்னால் என்றால் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை, தானியக் கப்பலை ஒரு மாதம் நிறுத்தியிருந்தால் போதும். ஜான்சன் இழுத்த கயிற்றின் விலையை நிக்சன் கொடுத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எகிப்திலும் கிட்டத்தட்ட இதே கதை. கென்னடி 1962இல் எகிப்தின் குடியரசுத் தலைவர் நாசருக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் கொடுத்தார். காங்கோவில் அமெரிக்கா தலையிட்டதைக் கண்டித்து 1964 நவம்பரில் கெய்ரோவின் அமெரிக்க நூலகத்தைப் போராட்டக்காரர்கள் எரித்தார்கள். உதவி நிற்கும் என்ற பேச்சு வந்ததும் டிசம்பரில் போர்ட் சயீதில் பேசிய நாசர், எங்கள் நடத்தை பிடிக்காதவர்கள் மத்தியதரைக் கடலைக் குடிக்கட்டும், போதாவிட்டால் செங்கடலையும் குடிக்கட்டும் என்றார். கோதுமை நின்றது, எகிப்து மாஸ்கோவை இன்னும் நெருங்கியது. எழுபதுகளில், நாசருக்குப் பின் ஆட்சிக்கு வந்த சதாத் அமெரிக்கா பக்கம் அணி மாறியபோது கோதுமை திரும்பி வந்தது. தென்வியட்நாமில் விஷயம் இன்னும் அப்பட்டம்: உணவு விற்ற உள்ளூர்ப் பணம் நேராக ராணுவச் செலவுக்குப் போனது. 1974இல் அமெரிக்க உணவு உதவியில் ஏறத்தாழ பாதி தென்வியட்நாமுக்கும் கம்போடியாவுக்கும் சென்றது. அந்த ஆண்டு உலகில் மிகவும் பசித்திருந்தவர்கள் அங்கே இல்லை.

பசித்தவர்கள் வங்கதேசத்தில் இருந்தார்கள். சணலைத் தவிர விற்பதற்கு அதிகம் இல்லாத புது நாடு, கியூபாவுக்கு 40 லட்சம் சணல் சாக்குகளை விற்றது. கியூபாவோடு வணிகம் செய்யும் நாட்டுக்குச் சலுகை விலையில் உணவு கிடையாது என்பது 1966இல் திருத்தப்பட்ட சட்டத்தின் விதி. தேச நலன் கருதி விலக்கு அளிக்கவும் சட்டத்தில் இடம் இருந்தது. கியூபாவுக்குப் பருத்தி விற்ற எகிப்துக்கு அந்தக் கதவு திறந்தது. சணல் சாக்குக்குத் திறக்கவில்லை. டாக்கா ஏற்றுமதியை நிறுத்தி உறுதி கொடுத்து, ஒப்பந்தம் கையெழுத்தானபோது அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் வெள்ளமும் வேலையிழப்பும் அரிசி விலையும் சேர்ந்து ரங்பூர்ப் பக்கத்தில் மக்களைக் கொன்றுகொண்டிருந்தன. இறந்தவர்கள் அரசுக் கணக்கிலேயே 25 ஆயிரத்துக்கும் மேல். பிற மதிப்பீடுகள் பல மடங்கு. அந்த ஆண்டு அங்கே தலைக்கு இருந்த அரிசி முந்தைய ஆண்டுகளைவிடக் குறைவில்லை, வாங்கும் சக்திதான் போனது என்று அமர்த்தியா சென் காட்டியிருக்கிறார். ஆகவே பஞ்சத்தையே அமெரிக்கா உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் அரசின் கையில் ரேஷனுக்குத் தானியம் இருந்திருந்தால் பதுக்கல்காரர்களுக்கு அவ்வளவு துணிச்சல் வந்திருக்காது. அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஹென்றி கிஸிங்கர் அக்டோபர் இறுதியில் டாக்காவுக்கு வந்துபோனார். ஒரு வாரத்துக்குள் ரோமில் நடந்த உலக உணவு மாநாட்டில், பத்தாண்டுக்குள் எந்தக் குழந்தையும் பசியோடு தூங்கப் போகாது என்று உறுதியளித்தார்.

இதே ஆயுதத்தைப் பனிப்போரின் உண்மையான எதிரிமீது பயன்படுத்தியபோது என்ன நடந்தது? 1972இல் விளைச்சல் சரிந்த சோவியத் ஒன்றியம், விஷயம் வெளியே தெரிவதற்குள் அமெரிக்கத் தானிய நிறுவனங்களிடம் தனித்தனியாகப் பேசி, அமெரிக்க அரசின் மானிய விலையிலேயே பெருமளவு தானியத்தை வாரிக்கொண்டது. அமெரிக்காவில் ரொட்டி விலை ஏறிய பிறகுதான் ஏமாந்தது தெரிந்தது. மறு ஆண்டு சோவியத் ஒன்றியம் இந்தியாவுக்கு 20 லட்சம் டன் தானியத்தைக் கடனாகக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியது தனி வேடிக்கை.

ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததும், 1980 ஜனவரி 4 அன்று ஜிம்மி கார்ட்டர் 1.7 கோடி டன் தானிய விற்பனையை நிறுத்தினார். அர்ஜென்டினா அந்த இடத்துக்கு ஓடிவந்தது. அங்கே ஆட்சியில் இருந்தது கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிக்கொண்டிருந்த ராணுவ அரசு. மாஸ்கோவுக்குக் கோதுமை விற்பதில் அதற்கு ஒரு சங்கடமும் இருக்கவில்லை. வங்கதேசத்துக்கு இல்லாத வசதி சோவியத் ஒன்றியத்துக்கு இருந்தது: கையில் பணம், வேறு கடை. அடி விழுந்தது அயோவாவிலும் கன்சாஸிலும் தானிய விலையை நம்பியிருந்தவர்களுக்கு. தேர்தல் பிரச்சாரத்தில் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்த ரீகன், 1981 ஏப்ரலில் தடையை நீக்கினார். சோவியத் ஒன்றியத்தை மிகக் கடுமையாகத் திட்டிய குடியரசுத் தலைவர் அவர். சோவியத் படை ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேற இன்னும் எட்டு ஆண்டு இருந்தது. 1983இல் இரு நாடுகளும் புதிய நீண்டகாலத் தானிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.